கையிலுள்ள நூலும் அடுத்த நூலும்

கல்வி நிரம்பும் வகையை நன்னூலார் நான்கு காற்பங்காகப் பகுத்துக் காட்டினார். ஆசிரியர் உரைத்ததை ஒருவன் குறைவறக் கொண்டாலும் அவன் பெற்றது ஒரு காற்பங்கே என்றார். உடன் பயில்வோரோடு கலந்து பழகுவதால் மற்றொரு காற்பங்கு வந்து சேரும். அறிந்ததைப் பிறர்க்கு விளங்க எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என்பது அவர் துணிபு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் வகுத்த இக்கணக்கைத் தமிழாசிரியர் யாவரும் அறிவர். ஆயினும் நடைமுறையில் முதற் காற்பங்கைப் பள்ளி பார்த்துக்கொள்கிறது. இறுதி அரைப்பங்கை மேடை பார்த்துக்கொள்கிறது. இடையிலே உள்ள காற்பங்கு மட்டும் கேட்பாரற்றுக் கிடக்கிறது.

“இப்போது என்ன நூல் படிக்கிறீர்கள்? அடுத்து எதைப் படிக்க எண்ணியிருக்கிறீர்கள்?” என்று வாசகர் ஒருவர் மற்றொருவரைக் கேட்பது அந்த இடைப் பங்கைச் சார்ந்த செயலாகும். நலம் விசாரிப்பது போல் எளிதாகத் தோன்றும் இவ்விரு வினாக்களும் இலக்கியத் திறனாய்வின் முதற்படியாக நிற்கும் தகுதி உடையன. அத்தகுதியை அவை பெற்றனவா, பெறவில்லையெனின் காரணம் யாது என்பதைச் சிங்கப்பூர்த் தமிழ் வாசகர் வரலாற்றை வைத்து ஆராய்தல் பொருந்தும். தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்ட அச்சிறு நாட்டில், நாளிதழ், நூலகம், பள்ளி, எழுத்தாளர் அமைப்பு ஆகிய நான்கும் ஒரே நகருள் அடங்கியிருக்கின்றன. ஆகவே, வாசகர் கூட்டத்தின் வளர்ச்சியையும் தளர்ச்சியையும் அங்கே தெளிவாகக் காண முடிகிறது.

வகுப்பு, களம், வட்டம்

சிங்கையில் தமிழ் அச்செழுத்து வாசகரைத் தேடத் தொடங்கியது நெடுநாளைக்கு முன்பே. 1887ஆம் ஆண்டில் சி. கு. மகுதூம் சாயபு ‘சிங்கை நேசன்’ என்னும் வார இதழைத் தொடங்கி 1890 வரை நடத்தினார். 1888இல் அவ்விதழில் வெளிவந்த புனைவு ஒன்றின் பெயரே ‘விநோத சம்பாஷணை’. 1935இல் கோ. சாரங்கபாணி ‘தமிழ் முரசு’ இதழைத் தொடங்கினார். 1950களின் தொடக்கத்தில் இரு நாட்டு நாளிதழ்களும் தம் வாசகரை மாணவராகவே ஏற்றுக்கொண்டன. கோலாலம்பூர்த் ‘தமிழ் நேசன்’ சுப. நாராயணன், பைரோஜி நாராயணன் ஆகிய இருவரைக் கொண்டு கதை வகுப்பு நடத்தியது. சிங்கைத் ‘தமிழ் முரசு’ ரசனை வகுப்பு நடத்தியது. இளையோர்க்கென மாணவர் மணிமன்றத்தையும் வளர்த்தது.

1976இல் சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகம் தோன்றியது. 1977இல் நா. கோவிந்தசாமி இலக்கியக் களத்தை அமைத்தார். இதழ்களில் வெளியான சிறுகதைகள் அங்கே மாதந்தோறும் எடைபோடப்பட்டன. பிற்காலத்தில் எழுத்தாளர் கழகமும் தன் மாதக் கூட்டத்துக்குக் ‘கதைக்களம்’ என்றே பெயரிட்டது. அங் மோ கியோ நூலகத்தில் கூடிய அன்பர்களோ தம் அமைப்பை ‘வாசகர் வட்டம்’ என்றனர்.

வகுப்பு, களம், வட்டம் என்னும் இம்மூன்று பெயர்களையும் ஒப்புநோக்குதல் தகும். வகுப்பில் கற்பிப்பவர் ஒருவர், கற்பவர் பலர். களத்தில் வென்ற கதையும் தோற்ற கதையும் உண்டு. வட்டத்துக்குத் தலைமாடு, கால்மாடு இல்லை. முன்னைய இரண்டும் எழுத்தாளரை உருவாக்குவதற்காக எழுந்தவை. அவற்றால் ஒரு தலைமுறை எழுத்தாளர் தோன்றினர் என்பது வரலாறு. அந்நன்றியை மறத்தல் ஆகாது. ஆனால் வாசகர் அங்கே எழுத்தாளராவதற்கு உரிய ஒரு படியாகவே கருதப்பட்டார். எழுத வேண்டும் என்னும் எண்ணமே இல்லாமல், வேலை முடிந்து வீடு திரும்பி இரவில் இருபது பக்கம் படிக்கிறவருக்கு அக்கூட்டங்களில் தனி இருக்கை இல்லை. பெயரளவிலேனும் அவரை நினைந்தது ரசனை வகுப்பு ஒன்றே.

வட்டம் என்னும் சொல்லுக்குத் தமிழகத்திலும் வரலாறு உண்டு. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் டி. கே. சிதம்பரநாத முதலியார் வீட்டு வட்டத்தொட்டியில் அன்பர்கள் கூடிக் கவிதை சுவைத்தனர். வட்டமாக அமர்ந்தாலும் அங்கே மையம் டி.கே.சி. ஒருவரே, மற்றவர் அவர் சுவைப்பதைக் கண்டு சுவைக்கக் கற்றனர். அவருடைய அன்பைப் பெற்றிருந்த கு. அழகிரிசாமி 1953இல் ‘தமிழ் நேசன்’ ஆசிரியப் பொறுப்பேற்றுக் கோலாலம்பூர் வந்தார். 1957 வரை தங்கியிருந்து மலாயாவின் இளம் எழுத்தாளருக்கு வழிகாட்டினார். 1960களில் சென்னையில் லக்ஷ்மி கிருஷ்ணமூர்த்தி நடத்திய ‘வாசகர் வட்டம்’ வேறு வகையினது. உறுப்பினரைச் சேர்த்து அவர்களுக்காக நல்ல நூல்களை வெளியிட்ட பதிப்பகம் அது. மலேசியா, சிங்கப்பூர், இலங்கை எழுத்துகளைத் தமிழகத்தாருக்கு அறிமுகம் செய்த ‘அக்கரை இலக்கியம்’ என்னும் தொகுப்பை அது 1968இல் வெளியிட்டது. டி.கே.சி.யின் வட்டத்தில் சுவைஞர் ஒருவர் நடுவே இருந்தார். சென்னை வட்டத்தில் நூல் நடுவே இருந்தது. சிங்கை வாசகர் வட்டமோ, வாசகர் ஒவ்வொருவரும் முறையாக நடுவே வந்து பேசும் வாய்ப்பை உடையது. இவ்வாய்ப்பே அதன் தனிச்சிறப்பு.

நூலகம் தந்த இடம்

இவ்வாய்ப்புக்குப் பொதுநூலகம் துணை நின்றது. 1953இல் லீ கோங் சியான் சிங்கப்பூர்ப் பொதுநூலகத்துக்கு 375,000 வெள்ளி நன்கொடை தர முன்வந்தபோது, நூலகம் எல்லார்க்கும் கட்டணமின்றித் திறந்திருக்க வேண்டும், மக்கள் மொழிகளின் நூல்களுக்கும் அதில் இடமிருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அந்நூலகம் 1960 நவம்பர் 12ஆம் நாள் ஸ்டாம்ஃபோர்டு சாலையில் திறக்கப்பட்டது. செங்கல் நிறத்தால் பலர் நினைவில் நின்ற அக்கட்டடம் 2004இல் மூடப்பட்டுப் பின் இடிக்கப்பட்டது. 2005இல் விக்டோரியா ஸ்திரீட்டில் புதிய தேசிய நூலகம் எழுந்தது. இடையில் குயின்ஸ்டவுன், தோ பாயோ, அங் மோ கியோ என்று வட்டாரந்தோறும் கிளைகள் பெருகின. சீன வணிகர் ஒருவர் விதித்த நிபந்தனையின் பயனைத் தமிழ் வாசகரும் இன்றளவும் நுகர்கின்றனர்.

சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் சீ. இரா. அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தனுள் இரண்டு ஈண்டு நோக்கத்தக்கன. ஒவ்வொரு வாசகர்க்கும் அவருக்குரிய நூல் என்பது ஒன்று; ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது மற்றொன்று. முன்னதை நூற்பட்டியல் ஓரளவு நிறைவேற்றிவிடும். பின்னதை நிறைவேற்ற ஒரு வாசகரின் வாய்ச்சொல் வேண்டும். அலமாரியில் கிடக்கும் நூல் தன்னைத் தானே பரிந்துரைத்துக்கொள்ள இயலாதன்றோ?

மூன்று குறைகள்

இடமும் நூலும் அமைந்த பின்னும் வாசகர் கூட்டங்கள் பயன் குன்றுவதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, முகத்துக்கு அஞ்சுதல். சிங்கையில் தமிழ் எழுதுவோரும் படிப்போரும் ஒருவரையொருவர் அறிவர். இன்று நூலைப் பற்றிப் பேசுபவரின் நூலை நாளை மற்றவர் பேசவேண்டி வரும். நூலாசிரியர் முன்வரிசையில் அமர்ந்திருக்க, பேசுபவர் திருமண வாழ்த்துப் போல் பேசிவிட்டு இறங்குகிறார். பொன்னாடை போர்த்திய கையால் குறை எழுத யாருக்கு மனம் வரும்? இக்குறை சிங்கைக்கு மட்டும் உரியதன்று. சிறு வட்டங்கள் எங்கெங்கு உண்டோ அங்கெல்லாம் உண்டு.

இரண்டாவது, கதைச்சுருக்கம். நாவலில் யார் யாரை மணந்தார், யார் இறந்தார் என்று சொல்லி முடித்ததும் பேச்சு நிறைவுற்றதாகக் கருதப்படுகிறது. தேர்வுக்கு விடை எழுதிய பழக்கம் அது. கேட்டவருக்கு நூலைப் படிக்க வேண்டிய தேவை நீங்கிவிடுகிறது.

மூன்றாவது, எண்ணிக்கைப் பெருமை. இவ்வாண்டில் நூறு நூல் முடித்தேன் என்பது உழைப்பைக் காட்டும், சுவையைக் காட்டாது. புத்தாண்டில் நீண்ட பட்டியல் போட்டுத் தைப்பொங்கலுக்குள் மறந்துவிடுவதும் இதன் உறவே.

மூன்று குறைகளுக்கும் வேர் ஒன்று. பேசுபவர் நூலை முடித்த பின்னரே பேசுகிறார். முடித்தவர் தீர்ப்புச் சொல்ல முற்படுகிறார். தீர்ப்பு என்றவுடன் அச்சமும் அலங்காரமும் உடன் வருகின்றன.

பாதி படித்த நூல்

நூலின் நடுவில் நிற்பவர் பேச்சு இதனின்று வேறானது. அவருக்குத் தீர்ப்பு இல்லை. எங்கே மகிழ்ந்தார், எங்கே தடைப்பட்டார் என்பதே உண்டு. தடைப்பட்ட இடத்தைச் சரியாகச் சுட்டுவது திறனாய்வில் அரிய பகுதி. முடித்தபின் எழுதும் மதிப்புரையில் அத்தடை பெரும்பாலும் அழிந்துபோகிறது.

ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ இதற்குத் தக்க சான்று. இளமையில் மேடான் நகரில் பணியாற்றியவர் அவர். 1972இல் நூலாக வெளிவந்தபோது அந்நாவல் பெரிதும் கவனிக்கப்படவில்லை. இன்று தமிழின் தலையாய நாவல்களுள் ஒன்றாக அது மதிக்கப்படுவதற்கு, படித்தவர் படியாதவரிடம் சொல்லிச் சொல்லிக் கைமாற்றியதே பெருங்காரணம்.

ஜப்பானியப் படை மேடானுள் நுழையும் காட்சியோடு தொடங்கும் அந்நாவல், பாண்டியன் என்னும் இளைஞனைப் பின்தொடர்ந்து பினாங்கு, இந்திய தேசிய ராணுவம், இந்தோனேசிய விடுதலைப் போர் என்று செல்கிறது. போரின் நடுவே அவன் நினைவு மதுரைத் தெருக்களுக்கும் சின்னமங்கலத்துக்கும் தாவுகிறது. பல வாசகர் தடைப்படும் இடம் அதுவே. “கதை ஓடிக்கொண்டிருக்கையில் கடைகளின் பெயர்களை ஏன் அடுக்குகிறார்?” என்று ஒருவர் கேட்பது முறையான வினா. அவ்வினாவை வட்டத்தில் வைத்தால் நிகழக்கூடியது என்ன? மதுரையிலிருந்து குடிவந்தவர் அத்தெருக்களை வாய்விட்டுச் சொல்லிக் காட்டுவார்; பெயர்களின் வரிசையே ஏக்கத்தின் மொழி என்பது அப்போது விளங்கும். நாவலில் வரும் மலாய்ச் சொற்களைச் சிங்கையில் பிறந்தவர் அகராதியின்றியே அறிவார். மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்த காலத்தை அறிந்த முதியவர், வட்டிக்கடைப் பையன்களின் வாழ்வை விரித்துரைப்பார். ஒருவருக்குத் தடையானது மற்றொருவருக்குத் திறவுகோலாக இருக்கிறது. இத்தனை உரையும் எந்தப் பதிப்பின் அடிக்குறிப்பிலும் அடங்காது.

அவ்வாறு விளக்கிய பின்னும், அப்பகுதி நீண்டுவிட்டது என்றே முதலில் கேட்டவர் கருதலாம். அதுவும் திறனாய்வுக்கு ஆதாயமே. காரணத்தோடு சொல்லப்பட்ட மனக்குறை, காரணமற்ற நூறு பாராட்டினும் நூலுக்கு நெருக்கமானது. உவந்து கூடுவதும், பிரியும்போது மீண்டும் கூடுவதை எண்ணச் செய்வதும் கற்றோர் இயல்பு என்றார் வள்ளுவர். மறு கூட்டத்தை எண்ணச் செய்வது விடை கிடைக்காத வினாவன்றி வேறென்ன?

அடுத்த நூல்

இனி இரண்டாம் வினாவைக் காண்போம். 1950களில் க. நா. சுப்ரமண்யம் நல்ல நூல்களை அறிமுகப்படுத்தி எழுதிய கட்டுரைகளின் தொகுதிக்குப் ‘படித்திருக்கிறீர்களா?’ என்று பெயரிட்டார். தோழர் ஒருவர் தோள்மேல் கைபோட்டுக் கேட்பது போன்ற தலைப்பு அது. திறனாய்வாளர் தரும் பட்டியலுக்கு அவருடைய படிப்பே சான்று. ஆனால் வாசகர் தாமே தமக்கு வகுக்கும் திட்டத்துக்குச் சான்று வேண்டுமானால் அதைப் பிறர் கேட்கச் சொல்ல வேண்டும். அடுத்த மாதம் “என்ன ஆயிற்று?” என்று கேட்க ஒருவர் இருந்தால்தான் திட்டம் திட்டமாகும்.

ஊர் முழுதும் ஒரே நூலைப் படிப்பது மற்றொரு முறை. 1998இல் அமெரிக்காவின் சியாட்டில் நகர நூலகத்தார் நான்சி பேர்ல் முயற்சியால் இதைத் தொடங்கினர். பின்னர்ப் பல நகரங்கள் பின்பற்றின. சிங்கப்பூரில் தேசிய நூலக வாரியம் 2005இல் ‘ரீட்! சிங்கப்பூர்’ இயக்கத்தைத் தொடங்கி, நான்கு மொழிகளிலும் நூல்களைத் தெரிந்தெடுத்து மக்களைப் படிக்கத் தூண்டியது. 2016இல் தேசிய வாசிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. ஒரே நூலைப் பலர் படித்தால் பொதுப்பேச்சு எழும் என்பது மெய்யே. ஆனால் தெரிவு மேலிருந்து வருகிறது. வாசகர் வகுப்பறைக்கே திரும்பிவிடுகிறார். மேலும், ஆயிரம் பேர் ஒரு நூலைப் படிக்கையில் மற்ற நூல்கள் தமக்குரிய வாசகரின்றியே இருக்கும்.

இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 2015இல், நாடு விடுதலை பெற்ற ஐம்பதாம் ஆண்டில், சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்கள் ஏறத்தாழ 350 மின்வடிவம் பெற்றன. தொண்டர் பலரின் அரிய உழைப்பு அது. நூல்கள் காக்கப்பட்டுவிட்டன, படிக்கப்பட வேண்டுவதே எஞ்சியுள்ளது. மாதம் ஒன்றாகத் தனியொருவர் படித்தால் முப்பதாண்டு ஆகும். பத்துப் பேர் கொண்ட வட்டம், ஆளுக்கு மாதம் ஒரு நூல் என்று வெவ்வேறாகப் பிரித்துக்கொண்டு, நடுவில் நின்று பேசிப் படித்தால் முப்பத்தைந்தே மாதங்கள் போதும். மூன்று ஆண்டுக்குள் ஒரு நாட்டின் தமிழ் இலக்கியம் முழுதும் ஒரு வாசகர் கண்ணிலேனும் பட்டிருக்கும்; எவை மறுமுறை படிக்கத்தக்கன, எவை அல்ல என்பது மேடையின் துணையின்றித் தெரிந்திருக்கும். திட்டத்தைப் பகிர்வதால் விளையும் நன்மை இத்தகையது.

இதற்குப் பெரிய மண்டபம் தேவையில்லை என்பதைத் தேக்காவின் அண்டை மொழியார் காட்டினர். சிங்கையில் கட்டுமானத் துறையில் வேலை செய்த வங்காளக் கவிஞர் ஜாகிர் உசேன் கோகன், 2014இல் தொடங்கிய வெளிநாட்டு ஊழியர் கவிதைப் போட்டியில் முதல் இரண்டு ஆண்டும் பரிசு பெற்றவர். ‘ஒரு பை, ஒரு நூல்’ என்னும் முயற்சியை அவர் தொடங்கினார். வேலைக்குச் செல்லும் பையில் ஒரு நூல் இருக்க வேண்டும். அது கைமாற வேண்டும் என்பதே அதன் சாரம். வார விடுமுறை ஒரு நாளே உடையவர்கள் செய்தது அது. அதே சிராங்கூன் சாலையில் ஞாயிறுதோறும் கூடும் தமிழ்த் தொழிலாளர் பையிலும் ஒரு நூல் இருக்கக் கூடாதா?

ஆசிரியர் கடன்

இவையனைத்தும் பொழுதுபோக்கைப் பற்றிய பேச்சாகத் தோன்றலாம். புள்ளிவிவரம் அவ்வாறு கருத விடவில்லை. வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசும் சிங்கப்பூர் இந்தியர் 2010ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் 36.7 விழுக்காட்டினர், 2020இல் 27.9 விழுக்காட்டினர். 1982இல் உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி மூடப்பட்டபின் தமிழ்வழிப் பள்ளி அங்கில்லை. மலேசியாவில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் உள்ளன. தோட்டப்புறங்களில் தோன்றியவை அவற்றுட் பல. அங்கே கணிதமும் நன்னெறியும் உரையாடலும் தமிழைச் சுற்றி நிற்கின்றன. சிங்கை மாணவனுக்கோ தமிழ் ஒரு பாடவேளை. அப்பாடவேளையில் அவன் காணும் தமிழ் வாசகர் ஆசிரியர் ஒருவரே.

அவ்வாசிரியர் பாடநூலுக்கு அப்பால் எதைப் படித்துக்கொண்டிருக்கிறார் என்பது மாணவனுக்குத் தெரிவதில்லை. பக்கத்து மேசை ஆசிரியருக்கும் தெரிவதில்லை. வாசிப்பின் சிறப்பைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லப்பட்ட மாணவன், வாசிக்கும் ஒருவரைக் கண்ணால் கண்டதில்லை என்பது கல்விக்கு நேர்ந்த பெருங்குறை. பயிற்சிப் பணிமனைகளும் நூற்பட்டியல்களும் இக்குறையை நிரப்பா. படிப்பவர் படிப்பதைக் காட்டினாலன்றிப் படிப்பு பரவாது.

வேண்டுவது சிறிது. ஆசிரியர் அறையில் ஒரு குறிப்பேடு. அதில் மூன்று பத்திகள். கையிலுள்ள நூல் எது. எந்தப் பக்கத்தில், ஏன் தடை. அடுத்த நூல் எது. பெயருக்கு நேரே மாதம் ஒருமுறை மூன்று வரி எழுதினால் போதும். நூல் பிடிக்காமல் கீழே வைத்தவரும் அதையே எழுதலாம். யாரும் யாரையும் இகழ வேண்டியதில்லை. பொன்னாடை இல்லை, தலைமையுரை இல்லை, நன்றியுரை இல்லை. சில மாதங்களில் ஒருவர் எழுதிய தடைக்கு மற்றொருவர் ஓரத்தில் விடை எழுதத் தொடங்குவார். அந்த ஓரக்குறிப்பே திறனாய்வு. அக்குறிப்பேட்டை மாணவர் வகுப்பிலும் ஒருநாள் விரித்துக் காட்டலாம். ஆசிரியருக்கும் ஒரு நூலில் தடை உண்டு என்று காணும் சிறுவன், தன் தடையைச் சொல்ல அஞ்சமாட்டான்.

நன்னூலாரின் கணக்கில் விடுபட்டுக் கிடக்கும் காற்பங்கை நிரப்ப இவ்வொரு குறிப்பேடு தொடக்கமாகட்டும். சிங்கைத் தமிழாசிரியரும் அவர்தம் அண்டை நாட்டுத் தோழரும் இத்தவணையிலேயே அதன் முதற்பக்கத்தை எழுத முன்வருவாராக.